பின்லாந்துக் கொடி: 9 மீட்டர் கம்பத்துக்கு என்ன அளவு?

வடகரை (கேள்வி):
பின்லாந்தில் ஒரு குடியிருப்பு வளாகத்தில் 9 மீட்டர் கொடிக்கம்பம் இருக்கு. பழைய கொடி (வெள்ளையில் நீலச் சிலுவை) ஓரம் கிழிஞ்சுபோனதால புதுசு தைக்கணும். அளவு என்ன? நார்வே கொடியோட வரைபடம் கையில் இருக்கு, நிறத்தை மட்டும் மாத்தினா போதுமா? நடுவில் சிங்கச் சின்னம் வைக்கலாமா? யுஹன்னுஸ் (பின்லாந்தின் நடுக்கோடைத் திருநாள்) அன்னைக்கு ராத்திரியும் பறக்கவிடலாம்னு கேள்விப்பட்டேன். எத்தனை மணி வரைக்கும்?

தையல்கணக்கு:
நார்வே வரைபடத்தைத் தொடவே வேண்டாம். அதில் கம்பத்தை ஒட்டிய கட்டங்கள் 6-க்கு 6 பங்கு, சரியான சதுரம். டென்மார்க்கிலும் ஐஸ்லாந்திலும் அப்படித்தான் சதுரம். பின்லாந்தில் 5 அகலம், 4 உயரம். சுவீடனிலும் இதே 5-க்கு 4. இந்த ஒரு இடத்தில்தான் வரையறவங்க அதிகம் தவறுறாங்க.

கொடியின் உயரம் கம்பத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 150 செ.மீ. மொத்த விகிதம் 11-க்கு 18 என்பதால் நீளம் 245.5 செ.மீ. உயரத்தை 4, 3, 4 எனவும் நீளத்தை 5, 3, 10 எனவும் பிரிக்கணும். 150-ஐ 11-ஆல் வகுத்தா ஒரு பங்கு 13.64 செ.மீ. அப்போ நீலப்பட்டை 40.9 செ.மீ. கம்பப் பக்க வெள்ளைத் துண்டு 68.2-க்கு 54.5, பறக்கும் பக்கம் 136.4-க்கு 54.5, ரெண்டு ரெண்டா வெட்டுங்க. நீளவாக்கில் போற நீலத்தை 245.5-க்கு ஒரே துண்டா விட்டுட்டு, மேலேயும் கீழேயும் 40.9-க்கு 54.5 துண்டு ஒவ்வொண்ணு சேர்த்தாப் போதும்.

இதெல்லாம் தைச்சு முடிஞ்ச பிறகு இருக்க வேண்டிய அளவு. தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் 1.5 செ.மீ. கூட விட்டு வெட்டணும். விடாம வெட்டினா 40.9 செ.மீ. பட்டை 37.9 ஆயிடும், தூரத்தில் இருந்து பார்த்தாலே சிலுவை மெலிஞ்சு தெரியும். நீலத்துக்கு பான்டோன் நிறப் பட்டியலில் 294சி.

கொடிமரம்:
சிங்கச் சின்னம் வேண்டாம். அது அரசுக் கொடி. அரசு அலுவலகங்களும் நீதிமன்றங்களும் ஏத்துறது. குடியிருப்புக்கு வெறும் சிலுவைக் கொடிதான். 1918 மே 29-ல் சட்டமான இந்தக் கொடியை வரைஞ்சவங்க ஏரோ ஸ்னெல்மன், புருனோ துக்கனென் என்ற ரெண்டு ஓவியர்கள். அதுக்கு முன்னாடி அந்த வருஷத் தொடக்கத்தில் சிவப்பில் தங்கச் சிங்கம் பறந்துச்சு. வெள்ளையில் நீலச் சிலுவை மட்டும் போதும்னு முடிவெடுத்தது எவ்வளவு நல்லதுன்னு பனிக்காலத்தில் பார்த்தாத்தான் புரியும்.

நேரம்: பொதுவா காலை 8 மணிக்கு ஏத்தி, சூரியன் மறையும்போது இறக்கணும். கோடையில் சூரியன் மறையாட்டாலும் இரவு 9-ஐத் தாண்டக் கூடாது. யுஹன்னுஸ் மட்டும் விதிவிலக்கு: முந்தின நாள் மாலை 6-க்கு ஏத்தி, மறுநாள் இரவு 9 வரை விடலாம். டிசம்பர் 6 சுதந்திர தினத்தில் இருட்டின பிறகும் இரவு 8 வரை பறக்கும்.

வடகரை:
நன்றி, கணக்கு தெளிவாயிடுச்சு. வளாகத்தில் துக்கம்னா அரைக்கம்பத்தில் எங்கே நிறுத்தணும்? பழைய கொடியை என்ன பண்றது?

கொடிமரம்:
முதல்ல உச்சி வரை ஏத்திட்டு, அங்கிருந்து கம்பத்தில் மூணில் ஒரு பங்கு இறக்குங்க. உங்க கம்பத்தில் 3 மீட்டர். கொடியின் மேல் ஓரம் 6 மீட்டரில், கீழ் ஓரம் சரியா நடுவில், 4.5-ல் நிக்கும். சாயங்காலம் இறக்கும்போதும் மறுபடி உச்சிக்குக் கொண்டுபோய்த்தான் கீழே இறக்கணும். பலர் இதை மறந்து அப்படியே இழுத்துடுறாங்க.

பழசை முழுசா குப்பையில் போடாதீங்க. எரிச்சுடலாம், இல்லைன்னா கொடின்னே அடையாளம் தெரியாத அளவுக்குச் சின்னத் துண்டுகளா வெட்டிப் போடலாம்.

தையல்கணக்கு:
ஒண்ணு சேர்த்துக்கோங்க: புதுசைத் துவைச்சா வெளியில் கயித்தில் காயப்போடக் கூடாது, வீட்டுக்குள்ளேயே உலர்த்துங்க. பறக்கும் ஓரம்தான் முதல்ல நைஞ்சுபோகும். அங்கே மட்டும் துணியை ரெண்டு மடிப்பா மடிச்சு நாலு வரிசைத் தையல் போடுங்க. நூல் பிரிய ஆரம்பிச்ச அன்னைக்கே இறக்கித் தைச்சுட்டா, கிழிசல் சிலுவை வரைக்கும் போகாது.