கலைச்சொல்: படவில்லைக்குக் "கூற்றுத்தலைப்பு" பொருந்துமா?

வணக்கம் அன்பர்களே.

பயிற்சி வகுப்புகளுக்குப் படவில்லை (ஸ்லைடு) தயாரிப்போருக்காகத் தமிழில் ஒரு வழிகாட்டி தயாராகிறது. அதில் ஒரு சொல் முட்டுகிறது.

வில்லையின் மேலே வரும் தலைப்பு இரண்டு விதம். "ஓ.ஆர்.எஸ். கரைசல் தயாரித்தல்" (பேதிக்குக் கொடுக்கும் உப்பு-குளுக்கோஸ் கரைசல்) என்பது ஒன்று. எதைப் பற்றிய வில்லை என்று பெயர் சொல்லிவிட்டு நின்றுவிடும். "ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும்" என்பது மற்றொன்று. சொல்ல வந்ததை அங்கேயே சொல்லி முடித்துவிடும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஆலி இந்த இரண்டாம் வகையை வலியுறுத்தி வருபவர். அவர் முறையில் தலைப்பு ஒரு முழு வாக்கியம். இரண்டு வரிக்கு மிகாது. அதன் கீழே புள்ளி வைத்த வரிகள் கிடையாது. தலைப்பை மெய்ப்பிக்கும் படமோ வரைபடமோதான் இருக்கும். ஆங்கிலத்தில் இதை அசெர்ஷன்–எவிடென்ஸ் முறை என்கிறார்கள்.

தலைப்பின் இந்த வகைக்கு நான்கு சொற்கள் கைவசம் உள்ளன: வாக்கியத்தலைப்பு, முற்றுத்தலைப்பு, முடிவுத்தலைப்பு, கூற்றுத்தலைப்பு. என் ஓட்டு முற்றுத்தலைப்புக்கு. "தயாரித்தல்", "பயன்கள்" என்று பெயரோடு நிற்காமல் வினைமுற்றோடு முடிவதுதானே இரண்டுக்கும் வேறுபாடு? உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
மு.

———

> வினைமுற்றோடு முடிவதுதானே இரண்டுக்கும் வேறுபாடு?

இல்லை ஐயா. தமிழில் வினைமுற்று இல்லாமலே வாக்கியம் முடியும். "ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் நீர்" என்பதில் வினையே கிடையாது, பெயர்ப்பயனிலை. ஆனாலும் கேட்பவருக்கு எந்தக் குறையும் இல்லை, சொல்லும் மிச்சம். முற்றுத்தலைப்பு என்று பெயர் வைத்தால் தயாரிப்பவர்கள் ஒவ்வொரு தலைப்பின் வாலிலும் "ஆகும்", "வேண்டும்", "உள்ளது" என்று ஒட்டிக்கொண்டே போவார்கள். தமிழ் வில்லைகளில் ஏற்கெனவே "ஆகும்" தேவைக்கு மேல் இருக்கிறது.

முடிவுத்தலைப்பு என்றால் கடைசி வில்லையின் தலைப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். வாக்கியத்தலைப்பும் சரிவராது. "இன்று நாம் ஓ.ஆர்.எஸ். பற்றிப் பார்ப்போம்" என்பதும் இலக்கணப்படி நல்ல வாக்கியம்தான். அதில் செய்தி என்ன இருக்கிறது?

கூற்றுத்தலைப்புக்கு என் ஓட்டு. பத்தாம் வகுப்பு வினாத்தாளிலிருந்து அரசுப் பணித்தேர்வு வரை "கூற்று – காரணம்" வினாவை எழுதாதவர்கள் குறைவு. "கூற்று சரி, காரணம் தவறு" என்று விடை குறித்துப் பழகிய கைகள் அவை. அசெர்ஷன் என்பதற்கு அங்கே புழங்கும் சொல் கூற்றுதான். நாம் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை.

சு.

———

கூற்று என்றால் எமன் என்றும் பொருள் உண்டு என்பதை யாராவது பதிவு செய்தாக வேண்டும் அல்லவா, செய்துவிட்டேன். :) தலைவி கூற்று, தோழி கூற்று என்று படித்தவர்களுக்கு அந்தக் குழப்பம் வராது.

உண்மையான குழப்பம் "வில்லை"யில் இருக்கிறது. சுகாதாரப் பணியாளர் பயிற்சியில் "அடுத்த வில்லையைப் பாருங்கள்" என்றால் மாத்திரையைத் தேடுவார்கள். கண் மருத்துவத்தில் லென்சும் வில்லைதான். அந்தத் துறை வழிகாட்டிகளில் படவில்லை என்று முழுதாகவே எழுதலாம். வகுப்பில் பேசும்போது ஸ்லைடு என்றாலும் குடி மூழ்கிப் போகாது.

செ.

———

அன்பர்களுக்கு,

சு. அம்மா சொன்ன வினாத்தாள் காரணத்தைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. வினாத்தாளில் கூற்று தவறாகவும் இருக்கலாம். படவில்லைத் தலைப்புக்கும் அந்தத் தகுதிதான் வேண்டும். "ஓ.ஆர்.எஸ். கரைசல் தயாரித்தல்" என்பதை யாராலும் தவறு என்று சொல்ல முடியாது. அதனால் அதை யாரும் சரிபார்ப்பதும் இல்லை.

மு. ஐயா கொடுத்த எடுத்துக்காட்டையே பாருங்கள்: "ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும்." அரசு மருத்துவமனையில் தரும் 20.5 கிராம் பொட்டலத்துக்கு இது சரி. மருந்துக்கடையில் 200 மி.லி. நீருக்கான சிறு பொட்டலமும் விற்கிறது. அதை ஒரு லிட்டரில் கரைத்தால் உப்பும் குளுக்கோசும் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். கொடுத்தும் பயன் குறைவு. பெரிய பொட்டலத்தை ஒரு தம்ளரில் கரைத்தால் சோடியம் மிகுந்து குழந்தைக்கே ஆபத்து. ஆக இந்தக் கூற்று பாதி தவறு. தலைப்பு வாக்கியமாக இருந்ததால்தான் தவறு கண்ணில் பட்டது. பெயராக இருந்திருந்தால் பயிற்சி முடிந்து ஊருக்குப் போன பிறகுதான் தெரியும். திருத்தினால்:

"பொட்டலத்தில் அச்சிட்ட அளவு நீரில்
முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும்"

கீழே வரவேண்டிய சான்று: இடப்பக்கம் பெரிய பொட்டலம், அருகில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். வலப்பக்கம் சிறு பொட்டலம், அருகில் 200 மி.லி. தம்ளர். இரண்டு பொட்டலத்திலும் நீரின் அளவு அச்சான இடத்துக்கு ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான். "சுத்தமான நீர், 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தவும், கைகழுவவும்" என்று ஓரத்தில் அடுக்கக் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ள வேண்டும். 24 மணி நேரம் தனிக் கூற்று, அதற்குத் தனி வில்லை. "பேதி நின்றாலும் துத்தநாக மாத்திரையை 14 நாளும் கொடுக்க வேண்டும்" என்பதும் அப்படியே. அதற்குச் சான்றாக 14 மாத்திரை கொண்ட அட்டையில், பேதி நின்ற நாளை வட்டமிட்டுக் காட்டினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. கூற்றாக எழுதிவிட்டால் மட்டும் வில்லை நல்லதாகிவிடாது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு, நுரைத்துண்டு மோதியதன் விளைவைப் பற்றிப் போயிங் பொறியாளர்கள் நாசாவுக்கு ஒரு படவில்லை காட்டியிருந்தார்கள். விசாரணைக் குழு தன் அறிக்கையில் அதை எடுத்து ஆராய்ந்தது. தரவுகளைக் காட்சிப்படுத்துவதில் வல்லுநரான எட்வர்ட் டஃப்டி அதை வரிவரியாகப் பிரித்து எழுதினார். அதன் தலைப்பு பெயர் அல்ல, கூற்று. விண்ணோடத்தின் வெப்பத்தடுப்பு ஓடு துளைபடுவது பற்றிய சோதனைத் தரவுகள் பாதுகாப்பான பக்கமே சாய்கின்றன என்ற பொருளில் இருந்தது. அடியில், உட்புள்ளிக்குள் உட்புள்ளியாக, உண்மையான கணக்கு: மோதிய துண்டு 1920 கன அங்குலம், சோதனையில் பயன்பட்டது 3 கன அங்குலம். 640 மடங்கு! சோதனையே இதற்குப் பொருந்தாது என்பதுதான் தலைப்பில் வந்திருக்க வேண்டிய கூற்று.

எனவே வழிகாட்டியில் தலைப்புக்கு மட்டும் பெயர் வைத்து நிறுத்தக் கூடாது. வில்லை முழுவதுக்கும் "கூற்று-சான்று வில்லை" என்று வைத்தால், சான்று எங்கே என்ற கேள்வி பெயரிலேயே இருக்கும்.

இ.

———

சொல் பற்றி மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தமிழில் இரண்டு வரித் தலைப்பு ஆங்கிலத்தைப் போல் எளிதாக அடங்காது. வழிகாட்டியில் சேர்க்க அதைப் பற்றிச் சில:

அளவு. பவர்பாயிண்டின் 16:9 வில்லை 7.5 அங்குல உயரம். அதாவது 540 புள்ளி (பாயிண்ட்). திரையின் உயரம் ஒன்றரை மீட்டர் என்றால் 28 புள்ளி எழுத்து திரையில் சுமார் 7.8 செ.மீ. வரும். இது மேல்கொம்பும் கீழ்வாலும் சேர்ந்த முழு அளவு. "ப" போன்ற எழுத்தின் உடல் ஏறக்குறைய அதில் பாதிதான், நாலு செ.மீ.கூட வராது. தூரத்தை இருநூறால் வகுத்தால் வருவது எழுத்தின் உடலுக்கு வேண்டிய குறைந்த உயரம் என்பது நடைமுறைக் கணக்கு. கடைசி வரிசை 9 மீட்டரில் இருந்தால் நாலரை செ.மீ. வேண்டும். எனவே தமிழுக்கு 32 புள்ளி வைக்க வேண்டும். அந்த அளவில் ஒரு வரிக்கு நாலைந்து சொல் கொள்ளும். இரண்டு வரிக்கு எட்டு, ஒன்பது. அதற்குமேல் போனால் பெரும்பாலும் அதில் இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கும், வெட்டுங்கள்.

சுருங்கல். தலைப்பு நீண்டால் பவர்பாயிண்ட் கேட்காமலே எழுத்தைச் சிறிதாக்கிவிடும். ஒரு வில்லையில் 32, அடுத்ததில் 27, அதற்கடுத்ததில் 30 என்று தலைப்பு துள்ளும். தானியங்கித் திருத்த (ஆட்டோகரெக்ட்) அமைப்புகளில் தலைப்பைப் பெட்டிக்குள் பொருத்தும் தேர்வை எடுத்துவிட்டால் நீளம் உடனே அம்பலப்படும்.

வரி இடைவெளி. ஆபிஸ் வார்ப்புருவில் இயல்பாக 0.9 மடங்கு இருக்கும். ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் மேல்வரியின் "மூ", "ழு" வாலும் கீழ்வரியின் "கீ", "தி" கொம்பும் இடித்துக்கொள்ளும். 1.1 வைத்தால் பிரியும். இதை ஒவ்வொரு வில்லையிலும் செய்யாமல் முதன்மை வில்லையில் (ஸ்லைடு மாஸ்டர்) ஒரே முறை மாற்றுங்கள்.

வரி உடைப்பு. மென்பொருளிடம் விட்டால் "கரைக்க" ஒரு வரியிலும் "வேண்டும்" அடுத்த வரியில் தனியாகவும் நிற்கும். இ. மேலே செய்திருப்பதுபோல் பொருள் பிரியும் இடத்தில் ஷிப்ட்–என்டர் தட்டி உடைக்க வேண்டும். எதிர்மறைக் கூற்றில் இது இன்னும் முக்கியம். "மீதிப் பொட்டலத்தைச் சேமித்து வைக்கக்" என்று மேல்வரி முடிந்து "கூடாது" கீழே போனால், ஓரக்கண்ணால் பார்ப்பவர் சேமித்து வைத்துவிடுவார். தமிழில் மறுப்பு கடைசியில்தான் வருகிறது, அதை மாற்ற முடியாது. "கூடாது"வை நிறம் மாற்றித் தடித்த எழுத்தில் வைக்கலாம். சாய்வெழுத்து வேண்டாம், தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் அது மென்பொருள் வளைத்துக் கொடுக்கும் போலிச் சாய்வு.

எழுத்துரு. நிர்மலா யூஐ விண்டோஸ் 8 முதல் உடன் வருகிறது. வேறு எழுத்துரு என்றால் சேமிப்பு அமைப்பில் கோப்போடு பொதிந்து எடுத்துப் போங்கள். யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் செய்த பழைய வில்லைகளை யுனிகோடுக்கு மாற்றாமல் கொண்டுபோனால், அரங்கத்துக் கணினியில் எழுத்துரு இல்லாதபோது ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.

கா.

———

ஒரு ஐயம். கூற்று திரையில் இருக்கிறது, பயிற்சியாளரும் அதையே வாசிக்கிறார். ஒரே சொற்களைக் கண்ணாலும் காதாலும் ஒருசேரக் கொடுத்தால் கற்றல் குறையும் என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்டு மேயர் சொல்வது இங்கே இடிக்கவில்லையா? அத்தோடு, தலைப்பே விடையைச் சொல்லிவிட்டால் பயிற்சி பெறுபவர் யோசிக்க என்ன மிச்சம்?

செ.

———

இரண்டும் சரியான கேள்விகள்.

வாசிப்பது பற்றி: வில்லை வந்ததும் மூன்று, நான்கு நொடி பேசாமல் இருக்க வேண்டும். கூடியிருப்பவர்கள் எட்டுச் சொல்லைப் படிக்க அது போதும். பிறகு படத்தைக் காட்டிப் பேச வேண்டும். "இந்தப் பொட்டலத்தில் எங்கே எழுதியிருக்கிறது பாருங்கள்" என்று தொடங்கினால் தலைப்பைத் திருப்பிச் சொல்லும் தேவையே வராது. பேச வேண்டியதெல்லாம் பேச்சாளர் குறிப்பில் இருக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது கைத்தாளில் இருக்கட்டும். ஒரே கோப்பை மூன்றுக்கும் பயன்படுத்தப் பார்ப்பதால்தான் வில்லையில் எழுத்து குவிகிறது. வந்தவர்களில் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் இருந்தால் மட்டும் நிறுத்தி ஒருமுறை வாசித்துவிடலாம். அங்கே மேயரைக் கொஞ்சம் காக்க வைக்கலாம்.

விடை பற்றி: கண்டுபிடிக்க வைக்க வேண்டிய இடத்தில் அதே படத்தை இரண்டு வில்லையாக வைக்கலாம். முதலில் வினா: "இந்த இரண்டு பொட்டலத்துக்கும் எவ்வளவு நீர்?" ஆட்களைச் சொல்ல விட்டு, பி (B) விசையைத் தட்டித் திரையைக் கறுப்பாக்கி, பொட்டலத்தைக் கையில் கொடுக்கலாம். பிறகு கூற்றோடு அதே படம். எனவே பட்டியலில் வினாத்தலைப்பும் வேண்டும். பகுதித் தொடக்க வில்லை, குழுப்பணிக்கான அறிவுறுத்தல், படிவம் நிரப்பும் வில்லை இவற்றுக்குப் பழையபடி பெயரே போதும். அவற்றிலும் கூற்றைத் திணிப்பது வீண்.

பழைய வகைக்குப் பெயர்த்தலைப்பு என்று வைக்கலாம். பொருள்தலைப்பு வேண்டாம், மற்றதற்குப் பொருளே இல்லை என்பதுபோல் ஒலிக்கும்.

இ.

———

முற்றுத்தலைப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கூற்றுத்தலைப்பு, பெயர்த்தலைப்பு, வினாத்தலைப்பு மூன்றும் வழிகாட்டியில் ஏறுகின்றன. எடுத்துக்காட்டாக இ. திருத்திய பொட்டல வில்லையே இருக்கும்.

எழுத்துப்பிழை திருத்துபவருக்காக: கூற்றுத்தலைப்பில் "த்" மிகும். கூற்று-சான்று உம்மைத்தொகை, அதனால் "ச்" மிகாது. "கூற்றுச்சான்று" என்று எழுதினால் கூற்றின் சான்று என்று பொருள் மாறிவிடும். இடைக்கோடு போட்டே எழுதுவோம். கா. எழுதிய வரி இடைவெளிக் குறிப்புக்கு ஒரு படம் வேண்டும்: 0.9இல் "ழு"வும் "கீ"யும் இடிப்பது ஒரு பக்கம், 1.1இல் பிரிவது மறுபக்கம். முடிந்தால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்.

மு.