பொருள்: மறு: காலை உணவுக் கோப்ளருக்குத் தமிழில் என்ன பெயர்? (கனியடை – என் பரிந்துரை)

நண்பர்களுக்கு வணக்கம். பழத்தின்மேல் மாவை இட்டு அடுப்புப் பெட்டியில் (ஓவன்) வேகவைக்கும் அமெரிக்கப் பண்டம் கோப்ளர். அதைக் காலை உணவாகச் செய்தால் தமிழில் எப்படி அழைப்பது என்று நம் குழுவில் எழுந்த கேள்விக்கு என் மறுமொழி இது.

> கோப்ளர் என்றே எழுதிவிட்டால் என்ன? கேக், பிஸ்கட் எல்லாம் நம்மிடம் வரவில்லையா?

வந்தன, நன்றாகவே நிலைத்துவிட்டன. ஒரு கடைப் பலகையில் ‘பீச் கோப்ளர்’ என்று இருந்தால் நானும் அப்படியேதான் எழுதுவேன். ஆனால் சமையல் குறிப்பு எழுதும்போது அது போதாது. இந்தப் பண்டம் தனியாள் இல்லை. கோப்ளர், கிரிஸ்ப், ஸ்லம்ப், பிரவுன் பெட்டி, பான்டவுடி, பக்கிள் என்று அமெரிக்கச் சமையலில் ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. பெரும்பாலானவற்றில் கீழே பழம், மேலே மாவு. மாவு எந்தப் பதத்தில் இருக்கிறது, எப்படி வேகிறது என்பதில்தான் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. எல்லாவற்றையும் ஒலிபெயர்த்து வைத்தால் படிப்பவருக்கு ஆறு பெயர் கிடைக்கும், செய்முறை பற்றி ஒரு துப்பும் கிடைக்காது. அதனால் ஆங்கிலச் சொல்லை விட்டுவிட்டுச் செய்முறைக்குப் பெயர் தேடுவோம் என்கிறேன்.

ஆங்கிலப் பெயரை நம்பி இறங்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் வேர் எது என்றே முடிவாகவில்லை. மேலே புடைத்து நிற்கும் மாவு கல் பாவிய தெருவைப் போல் இருப்பதால் வந்தது என்பார்கள், மரக்கிண்ணத்தைக் குறித்த பழைய சொல்லிலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள். செருப்புத் தைப்பவருக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். ஆகவே கல் பாவிய தெருவை வைத்து முதல் மடலில் ஒருவர் சொன்ன ‘பாவுகல் பழம்’ என்ற பெயர் எனக்கு ஒப்பவில்லை. கல் என்றதும் பல்தான் நினைவுக்கு வரும்.

சரி, பண்டத்தைப் பார்ப்போம். வட அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு ஊரில் செய்த புட்டிங்குகளுக்கு வேண்டிய கொழுப்பும் இல்லை, நல்ல சூளையடுப்பும் இல்லை. கனமான வார்ப்பிரும்புச் சட்டியைத் தணலில் வைத்து, அடியில் பழத்தைப் போட்டு, மேலே மாவை இட்டு மூடி, மூடியின்மேலும் தணலை அள்ளிப் போட்டார்கள். நம் பிரியாணிக்குத் தம் போடும் முறைதான். 1839இல் வந்த ஒரு கென்டக்கிச் சமையல் நூல் பீச் பழத்தில் செய்யும் இந்தப் பண்டத்தைப் பற்றி, விருந்தினருக்கு வைக்கும் நாகரிகப் பண்டம் இல்லை, ஆனால் வீட்டாருக்கு மிக நல்லது, குளிர்ந்த பாலோடு சாப்பிடலாம் என்கிறது. சாப்பாட்டுக்குப் பின் ஐஸ்கிரீமோடு வைக்கும் இனிப்பு என்றே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழம், பால், மாவு: காலைச் சாப்பாட்டுக்கு இது பொருந்தாமல் போகுமா?

காலைக்கு என்றால் சர்க்கரையைக் குறைக்க வேண்டும். ஒரு கிலோ பீச்சுக்கு 60 கிராம் சர்க்கரை போதும். ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு மேசைக்கரண்டி சோளமாவு (வெள்ளை கார்ன்ஃப்ளார், மக்காச்சோள மாவு அல்ல) சேர்த்துப் பிசறி, அடுப்புப் பெட்டியில் 190 டிகிரி செல்சியஸில் பத்துப் பதினைந்து நிமிடம் பழத்தை மட்டும் முதலில் சூடாக்குங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. பழம் குளிர்ந்திருந்தால் மாவின் மேற்பக்கம் சிவந்துவிடும், அடிப்பக்கம் பச்சை மாவாகப் பிசுபிசுக்கும்.

மாவுக்கு 200 கிராம் மைதா, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி ஆப்பசோடா, அரைத் தேக்கரண்டி உப்பு. (பேக்கிங் பவுடரும் ஆப்பசோடாவும் ஒன்றல்ல. ஆப்பசோடா பொங்கப் புளிப்பு வேண்டும், இங்கே அது மோரில் இருக்கிறது.) 80 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்துவிடுங்கள். இதுவரை முந்தின இரவே செய்து குளிர்பெட்டியில் வைக்கலாம். காலையில் 150 மில்லி கெட்டி மோரை ஊற்றி, மாவு சேர்ந்து வந்ததும் நிறுத்திவிட வேண்டும், பிசையக் கூடாது. மோர் பட்டவுடன் பொங்கத் தொடங்கிவிடும் என்பதால் இரவே கலந்து வைக்க முடியாது. சூடான பழத்தின்மேல் கரண்டியால் திட்டுத் திட்டாகப் போட்டு, ஆவி போக இடைவெளி விட்டு, இன்னும் 25 முதல் 30 நிமிடம். இடைவெளிகளில் சாறு கொப்பளித்தால்தான் சோளமாவு வெந்து கெட்டியாகும். இறக்கி இருபது நிமிடமாவது ஆறவிடுங்கள்.

இந்தத் ‘திட்டு’தான் எனக்கு வழி காட்டியது. மணல்திட்டு என்கிறோம், இங்கே சாற்றின் நடுவே மாவுத்திட்டு. குடும்பப் பெயராக ‘அடை’யை வைத்துக்கொள்ளலாம்.

> அடை என்றால் தோசைக்கல்லில் சுடுவதல்லவா?

பருப்பு அடை அப்படித்தான். ஆனால் காரடையான் நோன்புக்கு வெல்ல அடையும் உப்பு அடையும் ஆவியில்தான் வேகின்றன. குமரிப் பக்கத்து இலையடையும் ஆவிதான். கல்லுக்கும் ஆவிக்கும் பொதுவான சொல் அடுப்புப் பெட்டிக்கும் இடம் கொடுக்கும். ‘பழ அடை’ வேண்டாம், சேர்த்து எழுதினால் ‘பழவடை’ ஆகி உளுந்து வடைக்குப் போய்விடும். ‘கனியடை’யில் அந்தத் தொல்லை இல்லை, சொல்லவும் இலகு.

அப்புறம் குடும்பம் தானாக விரிகிறது. மாவைத் திட்டாக இட்டால் திட்டுக் கனியடை. அமெரிக்கத் தெற்கில் இன்னொரு வகை உண்டு: பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, அதில் கரைத்த மாவை ஊற்றி, மேலே பழத்தைப் பரப்புவார்கள், வேகும்போது மாவு பழத்தைத் தாண்டி மேலே எழும்பும். அது ஊற்றுக் கனியடை. மாவை உதிரியாகத் தூவிச் செய்யும் கிரிஸ்ப், கிரம்பிள் இரண்டும் உதிரிக் கனியடை. அமெரிக்க வடகிழக்கின் நியூ இங்கிலாந்துக்காரர்கள் அடுப்பின்மேல் மூடி ஆவியில் வேகவைக்கும் ஸ்லம்ப், ஆவிக் கனியடை. பக்கிளை இதில் சேர்க்க மாட்டேன், அது பழம் போட்ட கேக்.

நம் குழுவின் யாழ்ப்பாணத்து அண்ணர், ‘பேக்’ செய்வதைக் குறிக்கும் ‘வெதுப்பு’ என்ற சொல்லைப் பெயரில் சேர்க்கச் சொன்னார். வெதுப்பகம் என்று ஈழத்தில் பேக்கரிக்கு நன்றாகப் புழங்கும் சொல் அது, தமிழகத்திலும் வரவேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். ஆனால் ‘வெதுப்புக் கனியடை’ என்று பெயரிலேயே ஏற்ற வேண்டாம். ‘190 டிகிரியில் வெதுப்பவும்’ என்று செய்முறையில் வினையாக வரட்டும். அடுப்புப் பெட்டிக்கு அவர் சொன்ன ‘போறணை’யும் எனக்குச் சம்மதமே.

மிச்சம் பான்டவுடி. பாதி வெந்ததும் மேல்மாவை உடைத்துச் சாற்றுக்குள் அமிழ்த்தி மறுபடி வேகவைப்பது. ‘அமிழ் கனியடை’ என்று தோன்றுகிறது, ஓசை இன்னும் திருப்தியாக இல்லை. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். மற்ற நான்கையும் மறுப்பு வராவிட்டால் இந்த வார இறுதியில் நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.