பாப்பா காதுகுத்துக்குத் தாய்மாமன் யார்?

அழகாபுரம் பெரியம்மா: ஆவணியில் பாப்பாவுக்கு மொட்டையும் காதுகுத்தும். யார் மடியில் உட்கார வைப்பீர்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்கள். எனக்கோ ஒரே பெண்.

அம்மாப்பேட்டை அத்தை: ஓசூர்க்காரன் இருக்கிறானே அண்ணி

ஏற்காடு சித்தப்பா: கல்யாணத்துக்கே வராதவன்

அம்மாப்பேட்டை அத்தை: பழசை எடுக்காதே தம்பி

பெரியப்பா: இது நம் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. எங்கள் அம்மா பெற்றது 5. நாங்கள் 5 பேரும் சேர்ந்து பெற்றது 6. அந்த 6 பேருக்கும் சேர்த்து இந்தப் பாப்பா ஒருத்திதான். மக்கள்தொகை குறையாமல் நிற்கப் பெண்ணுக்குச் சராசரியாக 2.1 பிள்ளை வேண்டும். பிறப்பதில் ஆண் சற்று அதிகம், சில பிள்ளைகள் வளருமுன் தவறிவிடும், அதனால்தான் அந்த .1. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு 1.8, பீகார் 3.0. தென்கொரியா 2023-ல் 0.72!

சித்தி: காது குத்த ஆசாரியிடம் சொல்லியாயிற்றா அக்கா?

ஏற்காடு சித்தப்பா: அண்ணன் சொல்வது சரி. இங்கே காப்பிப் பழம் பறிக்க எங்கள் எஸ்டேட்டுக்கு வடக்கிலிருந்துதான் ஆள் வருகிறது. அப்புறம், சேர்வராயன் கோயிலில் வைத்தால் எல்லோரும் நம் வீட்டிலேயே தங்கலாம்.

அம்மாப்பேட்டை அத்தை: மலைக்கு வண்டி வைத்து யார் ஏறுவது? முனியப்பன் கோயில்தான்

பெரியப்பா: சுகாதாரத் துறையில் இருந்தபோது ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்று வீடு வீடாகச் சொன்னவன் நான். அன்று அது தேவை. உலகம் உடனே சுருங்காது, ஏற்கெனவே பிறந்த இளவயதினர் நிறைய இருக்கிறார்கள். ஐ.நா. 2024-ல் கணித்தபடி 2080-களின் நடுவில் சுமார் 1,030 கோடியைத் தொட்டு, பிறகுதான் இறங்கும். ஆனால் குடும்பத்தில் இப்போதே தெரிகிறது. இந்தப் பாப்பா யாரை அத்தை என்று கூப்பிடும், யாரைச் சித்தப்பா என்று கூப்பிடும்? ஓசூரில் இருப்பவர்களும் இனித் தள்ளிப்போடக் கூடாது.

அம்மாப்பேட்டை அத்தை: அண்ணா, அவர்கள் இரண்டு வருடமாக ஆஸ்பத்திரிக்கு அலைகிறார்கள். குழுவில் வேண்டாம்

பெரியப்பா: எனக்கு யாரும் சொல்லவில்லையே

ஓசூர் அண்ணன்: பரவாயில்லை அப்பா. பெரியம்மா, நான் வருகிறேன். தேதியை மட்டும் முன்னாலேயே சொல்லுங்கள்.

அழகாபுரம் பெரியம்மா: வா கண்ணு. ஒன்று சொல்லிவிடுகிறேன். என் மகள் பிறந்தது 1992. பெண் குழந்தை வேண்டாம் என்பவர்கள் அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் இதே சேலத்தில் தொடங்கிய வருடம். அன்று பெண்ணா என்று முகம் சுளித்தவர்கள் இந்தக் குழுவிலும் உண்டு. இன்னொன்று வேண்டாம் என்று நான் முடிவெடுத்ததற்கு அதுவும் காரணம்.

சித்தி: சாப்பாடு எத்தனை பேருக்கு?

அம்மாப்பேட்டை அத்தை: அண்ணி, நேரில் வருகிறேன்

அக்கா: அம்மா, வலது காது ஓசூர் அண்ணன் மடியில், இடது காது ஏற்காடு சித்தப்பா மகன் மடியில். கூடாதா?

ஏற்காடு சித்தப்பா: அப்படி உண்டா?

பெரியப்பா: ஐயரிடம் கேட்டுச் சொல்கிறேன்

சித்தி: ஆசாரி?