ரெயின்போ கான்சர்ட், 1973: எரிக் கிளாப்டன் மேடைக்குத் திரும்பிய இரவு – உங்கள் கேட்பனுபவங்களைப் பகிருங்கள்

தந்திக்காரன்:

இங்கிலாந்து கிதார் கலைஞர் கிளாப்டன் என்றால் நம் ஆட்களில் பாதிப் பேருக்கு 1992-இல் வந்த ‘அன்பிளக்ட்’ தான் ஞாபகம் வரும். நாற்காலியில் உட்கார்ந்து அக்கூஸ்டிக் கிதார் வாசிக்கும் கண்ணாடிக்காரர். அதற்குப் பத்தொன்பது வருடம் முன்னால் லண்டனில் பதிவான ‘ரெயின்போ கான்சர்ட்’ பற்றி இங்கே யாரும் அதிகம் பேசிப் பார்த்ததில்லை. அதனால் நானே தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1970 நவம்பரில் ‘லைலா’ ஆல்பம் வெளியானது. இன்று கொண்டாடப்படும் அந்த ஆல்பம் அன்று எதிர்பார்த்த அளவுக்கு எடுபடவில்லை. அதற்கு முன்பே செப்டம்பரில், அவர் மதித்த கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இறந்துவிட்டார். அடுத்த வருடம் அக்டோபரில், ‘லைலா’வில் ஸ்லைடு கிதார் வாசித்த டுவேன் ஆல்மன் பைக் விபத்தில் போனார். கிளாப்டன் காதலித்த, ‘லைலா’ பாட்டின் நாயகி பேட்டி பாய்டு, அவருடைய நெருங்கிய நண்பர் ‘பீட்டில்ஸ்’ ஜார்ஜ் ஹாரிசனின் மனைவியாகவே இருந்தார். ‘லைலா’வைப் பதிவு செய்த ‘டெரெக் அண்ட் தி டாமினோஸ்’ என்ற அவர் குழுவும் உடைந்தது. கிளாப்டன் சர்ரேயில் இருந்த தன் வீட்டுக்குள் ஹெராயினோடு அடைந்துகொண்டார். 1971 ஆகஸ்டில் ஜார்ஜும் ரவிசங்கரும் சேர்ந்து நியூயார்க்கில் நடத்திய பங்களாதேஷ் நிதிக் கச்சேரிக்குக்கூட அந்த நிலையில்தான் வந்து வாசித்துவிட்டுப் போனார்.

அவரை வெளியே இழுத்து வந்தவர் ‘தி ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்ட். மேடையில் மூன்றாவது கிதார் வாசித்த ரானி வுட்டின் வீட்டில் ஒத்திகை. கீபோர்டில் ஸ்டீவ் வின்வுட், பாஸில் ரிக் கிரெச், டிரம்ஸில் ஜிம் கபால்டியும் ஜிம்மி கார்ஸ்டீனும், தாளவாத்தியத்தில் கானா நாட்டுக்காரர் ரீபாப். லண்டன் ரெயின்போ அரங்கில் 1973 ஜனவரி 13-ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு காட்சிகள். அன்று கிளாப்டன் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தார். உடம்பு பெருத்துப்போய் மேடைக்கு வைத்திருந்த பேண்ட் ஏறவில்லை, கூட வாழ்ந்த காதலி ஆலிஸ் அதன் இடுப்பைப் பிரித்துத் தைத்துக்கொடுத்தாராம். டவுன்ஷெண்டின் ரத்த அழுத்தம் அப்போது எவ்வளவு ஏறியிருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இப்போது கேட்ட அனுபவம். கிதார் சாகசத்துக்காக இந்த ஆல்பத்தைப் போட்டால் ஏமாறுவீர்கள். ‘க்ரீம்’ என்ற மூவர் குழுவில் இருந்த காலத்து கிளாப்டன், மற்ற இருவரோடு போட்டி போட்டு வாசிப்பவர். இதில் இருப்பவர் சோலோவை எடுக்கும்போதே கொஞ்சம் தயங்குகிறார். இரண்டு பார், மூன்று பார் (தாளச் சுற்று) தடவித் தடவிப் போய்விட்டு அப்புறம்தான் பிடிமானம் கிடைக்கிறது. அந்தத் தயக்கம் வரும் இடத்தில் எல்லாம் பின்னால் கவனியுங்கள். டவுன்ஷெண்டின் ரிதம் கிதார் சட்டென்று தடித்துக்கொள்ளும். இல்லையென்றால் வின்வுட்டின் ஆர்கன் வந்து இடைவெளியை நிரப்பும். டவுன்ஷெண்டைத் தன் குழுவில் கையைச் சுழற்றிச் சுழற்றி அடிப்பவராகத்தான் எல்லோருக்கும் தெரியும். இங்கே அவர் அடக்கி வாசித்து நண்பனுக்கு முட்டுக்கொடுக்கிறார். எனக்கு இது கிளாப்டன் ஆல்பம் என்பதைவிட டவுன்ஷெண்ட் ஆல்பம்.

‘பிரசன்ஸ் ஆஃப் தி லார்ட்’ பாட்டில் நடுவே வேகம் மாறும் இடத்தை மட்டும் விதிவிலக்காகச் சொல்வேன். அங்கே பழைய ஆள் வந்துவிடுகிறார். கொஞ்ச நேரம்தான். ஆனால் வந்துவிடுகிறார்.

நீங்கள் எங்கே, எந்தப் பதிப்பைக் கேட்டீர்கள்? எழுதுங்கள்.

கேசட் காலத்தவன்:

அண்ணே, நான் கேட்டது 1973-இல் வந்த பழைய எல்பி. எல்பி என்னிடம் இல்லை. எங்கள் ஊர் ரெக்கார்டிங் கடையில் அறுபது நிமிட கேசட் கொடுத்துப் பதிந்து வாங்கியது. கடைக்காரருக்கு இளையராஜா பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் மனப்பாடமாகப் பதிவார். இதை வாங்கிப் பார்த்து, “தம்பி, இதுக்கெல்லாம் நான் கேரண்டி இல்லை” என்றார்.

எல்பியில் ஆறே பாட்டு. மொத்தம் அரை மணிக்குச் சற்று மேல். கேசட்டின் ஒரு பக்கம் சரியாக முப்பது நிமிடம். எனவே கடைசிப் பாட்டான ‘லிட்டில் விங்’ பாதியில் டப்பென்று நின்றுவிடும். மறுபக்கத்தில் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ‘போனி எம்’ போட்டிருந்தார். அந்தப் பாட்டு முழுசாக எப்படி முடியும் என்று கல்லூரி முடியும்வரை தெரியாது.

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது: ‘லிட்டில் விங்’ ஹெண்ட்ரிக்ஸ் பாட்டு. அவர் உயிரோடு இருக்கும்போதே, 1970 செப்டம்பரில், கிளாப்டன் தன் குழுவோடு அதைப் பதிவு செய்திருந்தார். ஹெண்ட்ரிக்ஸுக்குக் கொடுப்பதற்காக இடதுகைக்காரர்களுக்கான ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதார் ஒன்றையும் வாங்கி வைத்திருந்தார். கொடுக்க வாய்க்கவில்லை. அந்த மாதம் 18-ஆம் தேதி ஹெண்ட்ரிக்ஸ் இறந்துவிட்டார். தன் மரியாதையாகச் செய்த பதிவு அஞ்சலியாகத்தான் வெளியே வந்தது. ரெயின்போவில் அந்தப் பாட்டை எடுக்கும்போது குரல் கொஞ்சம் கட்டியிருப்பதுபோல எனக்குக் கேட்கும். ஒருவேளை நான் கதையைத் தெரிந்துகொண்டு கேட்பதால் இருக்கலாம், சரி.

ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். தயக்கம், தடவல் என்று நீங்கள் சொல்வது 1995-இல் திரும்ப வெளியிட்ட பதிப்பில்தான் தெளிவாகக் கேட்கும். பழைய எல்பியில் மிக்ஸிங்கே ஒரு சேறு. மூன்று கிதாரில் எது யாருடையது என்று பிரிக்கவே முடியாது. எனக்கு அதுவே பிடித்திருந்தது. யாரோ தனி ஆள் வாசிப்பதாக இல்லாமல் ஒரு கும்பலே கிளம்பி வருவதுபோல இருக்கும். 1995-இல் கழுவித் துடைத்து எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்துவிட்டார்கள்.

தந்திக்காரன்:

கேசட்காரரே, சேறு என்று நீங்களே சொல்லிவிட்டுப் பிடிக்கும் என்றால் நான் என்ன சொல்ல! ஆனால் 1995 பதிப்புக்கு ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. அன்று மேடையில் முதல் பாட்டே ‘லைலா’. அரங்கில் ஜார்ஜ் ஹாரிசனும் பேட்டியும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் எடுத்த எடுப்பில் அந்தப் பாட்டு. இதைவிடத் துணிச்சலான தொடக்கம் வேறு என்ன? 1973 எல்பியில் அது இல்லவே இல்லை! பதினான்கு பாட்டுகளோடு 1995-இல் வந்தபோதுதான் ‘லைலா’ முதலிடத்துக்கு வந்தது. டுவேன் ஆல்மன் வாசித்த ஸ்லைடு பகுதியை ரானி வுட் எடுத்துக்கொள்கிறார். டுவேன் அளவுக்கு இல்லை, அது வேறு பேச்சு.

வட லண்டன் வாசி:

வணக்கம் அண்ணை. நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வட லண்டனில் இருக்கிறன். ரெயின்போ கட்டடம் இப்பவும் பின்ஸ்பெரி பார்க் ஸ்டேஷனுக்குக் கிட்டத்தான் நிற்குது. வேலைக்குப் போகும் பஸ் அதைக் கடந்துதான் போகும். 1930-இல் அஸ்டோரியா என்ற பெயரில் சினிமாக் கொட்டகையாகத் திறந்தவை. மூவாயிரம் பேர் அளவுக்கு இருக்கலாம். உள்ளே ஸ்பெயின் நாட்டுக் கிராமம் ஒன்றின் இரவுபோல அலங்காரம், கூரையில் நட்சத்திரங்கள், முகப்பு மண்டபத்தில் நீரூற்று. இப்ப அது ஒரு கிறிஸ்தவ சபையின் கோயில்.

ஹெண்ட்ரிக்ஸ் கதை சொன்ன அண்ணைக்கு ஒரு சேர்க்கை: 1967 மார்ச்சில் ஹெண்ட்ரிக்ஸ் மேடையில் முதன்முதலாகத் தன் கிதாருக்கு நெருப்பு வைத்தது இதே கட்டடத்தில்தான். அதே கூரைக்குக் கீழேதான் ஆறு வருடம் கழித்து கிளாப்டன் ‘லிட்டில் விங்’ பாடினவர்.

அந்தக் கச்சேரியே பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்ததைக் கொண்டாடின விழாத் தொடரோடு சேர்த்து வைத்தவை. 1973 ஜனவரி முதலாம் தேதி சேர்ந்தது. பிரெக்சிட்டுக்குப் பிறகு அதை வாசிக்க எனக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது.

இன்னுமொன்று சொல்லத்தான் வேணும். இந்த ஆல்பத்தை நான் விரும்பிக் கேட்கிறன். ஆனால் மூன்று வருடம் கழித்து, 1976 ஆகஸ்டில், பேர்மிங்ஹாம் மேடையில் இதே மனுசர் வெறியில் நின்று, வெளிநாட்டாரை நாட்டை விட்டு அனுப்ப வேணும், குடியேற்றத்தை எதிர்த்த அரசியல்வாதி ஈனக் பவலுக்கு வாக்குப் போடுங்கோ என்று கத்தினவர். அதற்கு எதிர்ப்பாகத்தான் ‘ராக் எகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கம் தொடங்கியது. பிற்காலத்தில் வெட்கப்படுவதாகச் சொன்னவர். எங்களைப்போல இங்கே வந்து குடியேறின ஆட்களுக்கு அது லேசில் கடந்துபோகிற விசயமில்லை. ராபர்ட் ஜான்சன், பிக் பில் புரூன்சி, ஹெண்ட்ரிக்ஸ் என்று கறுப்பினத்தவரின் இசையில் வளர்ந்தவர், ரெயின்போவில் பக்கத்தில் ரீபாப் நிற்க வாசித்தவர், அப்படிப் பேசினதை எந்தக் கணக்கில் போடுவது? நான் ஆல்பத்தைத் தூக்கி எறியவில்லை. ரீபாப்பின் கொங்கா மேளத்தைக் கூடுதலாகக் கவனித்துக் கேட்கத் தொடங்கினன், அவ்வளவுதான்.

இரட்டை டிரம்:

அண்ணன் சொன்னது சரி. ரீபாப் இல்லாமல் அந்தத் தாளப் பகுதி சரிந்திருக்கும். எல்லோரும் கிதார் பற்றியே பேசுகிறீர்கள், டிரம்ஸ் வாசிக்கிறவன் பார்வையில் ஒரு வார்த்தை.

ஒரே மேடையில் இரண்டு டிரம் செட் என்பது லேசான காரியம் இல்லை. ஒருவர் முந்தினாலும் எல்லாம் குழம்பும். கபால்டி, வின்வுட்டோடு ‘டிராஃபிக்’ குழுவில் இருந்தவர். கார்ஸ்டீன் அமெரிக்காவில் டல்சா நகரத்து ஆள், ஜே. ஜே. கேலோடு பழகி வாசித்தவர். ‘ஆஃப்டர் மிட்நைட்’ அந்த கேல் எழுதிய பாட்டுதான். டல்சா ஆட்கள் தாளத்தை அவசரப்படுத்த மாட்டார்கள், சாவகாசமாக ஒரு ஊசலாட்டத்தில் வைப்பார்கள். ஹெட்போன் போட்டுக்கொண்டு அந்தப் பாட்டைக் கேளுங்கள்: ஒருவர் நிதானமாக நடையைப் பிடித்திருக்க, மற்றவர் இடையிடையே உருட்டல் போடுவதுபோலத் தோன்றும். யார் எது என்று என் டிரம்ஸ் வாத்தியாரும் நானும் பந்தயம் கட்டினோம். முடிவு இன்றுவரை வரவில்லை.

குறையும் உண்டு. ‘ரோல் இட் ஓவர்’ எனக்கு இழுவை. அவ்வளவு ஆட்கள் மேடையில் இருக்கும்போது யாராவது ஒருவர் சும்மா இருக்க வேண்டும், அதில் யாரும் சும்மா இல்லை.

தந்திக்காரன்:

லண்டன்காரரே, 1976 விஷயத்தை எழுதியது நல்லதுதான். நானே தொட்டிருக்க வேண்டும், நீளம் பார்த்து விட்டுவிட்டேன்.

இன்னொரு குறிப்பும் சேர்த்துவிடுகிறேன். ஆல்பத்தின் அட்டையை மட்டும் பார்க்கிறவர்கள், கச்சேரி முடிந்தவுடன் கிளாப்டன் திருந்திவிட்டார் என்று நினைக்கலாம். இல்லை. திரும்ப வீட்டுக்குள் போய்விட்டார், ஹெராயினும் தொடர்ந்தது. 1974-இல் மெக் பேட்டர்சன் என்ற மருத்துவர், அக்குபங்சரோடு மின்சாரத் தூண்டலைச் சேர்த்துச் செய்த சிகிச்சைக்குப் பிறகுதான் மீண்டார். அந்த வருடமே ‘461 ஓஷன் புலவார்டு’ ஆல்பம். அப்புறம் குடி பிடித்துக்கொண்டது, அது தனிக் கதை.

கிதார் பைத்தியங்களுக்காக: நாஷ்வில்லில் வாங்கிய பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் மூன்றைக் கழற்றி, நல்ல பாகங்களை மட்டும் சேர்த்து அவர் பூட்டிய ‘பிளாக்கி’ முதன்முதலாக மேடை ஏறியது இந்த ரெயின்போ கச்சேரியில்தான். 2004-இல் அது ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. பணம், போதை மீட்புக்காக ஆண்டிகுவா தீவில் அவர் தொடங்கிய மையத்துக்கு.

புது வாசகன்:

சார், ஸ்ட்ரீமிங்கில் பதினான்கு பாட்டுப் பதிப்புதான் கிடைக்கிறது. நான் ‘அன்பிளக்ட்’ மட்டும் கேட்டவன். எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?

தந்திக்காரன்:

தம்பி, முதலில் ‘பேட்ஜ்’. கிளாப்டனும் ஜார்ஜும் சேர்ந்து எழுதியது, உங்கள் காதுக்கு உடனே ஒட்டும். அப்புறம் ‘பிரசன்ஸ் ஆஃப் தி லார்ட்’. பிடித்தால் ‘லைலா’வுக்குப் போய் அங்கிருந்து வரிசையாகக் கேளுங்கள். ‘கிராஸ்ரோட்ஸ்’ வரும்போது க்ரீம் குழுவின் 1968 பதிவையும் பக்கத்தில் வைத்துக் கேட்டுப்பாருங்கள்.

கேசட் காலத்தவன்:

தம்பி, அவர் சொன்னதைக் கேட்டாலும் ‘லிட்டில் விங்’கைக் கடைசியில் வையுங்கள். முழுசாக ஓட விடுங்கள்.