ஸ்டிக்கி விக்கெட் என்றால் பிசினா? மகனிடம் மாட்டிக்கொண்டேன்

சோமனூர் தறிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. சோமனூர்ப் பக்கம் 8 தறி ஓட்டுகிறேன். தறிச் சத்தத்தில் கமெண்டரி எங்கே கேட்கும்? ஸ்கோரோடு சரி. போன வாரம் பாவு தீர்ந்து தறி நின்றதால், வீட்டில் மகனோடு உட்கார்ந்து ஒரு டெஸ்ட் மேட்சை இங்கிலீஷ் கமெண்டரியோடு பார்த்தேன். 'ஸ்டிக்கி விக்கெட்' என்றார்கள். "என்னப்பா அது?" என்றான், ஏழாவது படிக்கிறான். பிசின் மாதிரி, பந்து பிட்சில் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிவைத்தேன். அடுத்த பந்தே பேட்ஸ்மேனின் மூக்கை உரசாத குறையாகப் போனது. பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அப்புறம் 'நைட் வாட்ச்மேன்'. இதுவாவது தெரியும் என்று, ராத்திரி ஸ்டேடியத்தைப் பூட்டுகிறவர் என்றேன். பேடு கட்டிக்கொண்டு ஒருவர் இறங்கி வந்தார். 'கவ் கார்னர்' என்றபோது நான் வாயே திறக்கவில்லை. யாராவது விளக்குங்க. அகராதி அர்த்தம் வேண்டாம், அதைச் சொல்லித்தான் மானம் போனது.

கோபி வாத்தியார்:
தம்பி, பாதி சரிதான். அந்தக் காலத்தில் மழை வந்தால் பிட்சை மூட மாட்டார்கள். நனைந்த மண் வெயிலில் காயும்போது மேலே பொறுக்குத் தட்டும், உள்ளே ஈரம் நிற்கும். மழைக்கு மறுநாள் மத்தியானம் காட்டில் நடந்திருப்பீர்களே, ஒரு அடி கெட்டி, அடுத்த அடி புதையும். அதில் விழுகிற பந்து ஒன்று எகிறும், ஒன்று தேங்கும். இப்போது மழைக்கு முன்பே மூடிவிடுவதால் அந்தப் பிட்ச் கிடையாது, பேச்சு மட்டும் மிச்சம். யார் இக்கட்டில் மாட்டினாலும் அதையே சொல்கிறார்கள். உங்களுக்கும் பொருந்தும்!

சாயங்காலம் ஆட்டம் முடிய நாலைந்து ஓவர் இருக்கும்போது விக்கெட் விழுந்தால், நல்ல பேட்ஸ்மேனைக் காப்பாற்ற ஒரு பவுலரை அனுப்புவார்கள். அவர்தான் நைட் வாட்ச்மேன். கட்டையைப் போட்டு நின்றால் போதும். 2006இல் சிட்டகாங்கில் ஆஸ்திரேலியாவின் கில்லெஸ்பி இப்படி இறங்கி, வங்கதேசத்துக்கு எதிராக அவுட் ஆகாமல் 201 அடித்தார். வாட்ச்மேன் வேலைக்கு வந்தவர் மில்லையே எழுதி வாங்கின கதை. அதற்கப்புறம் அவருக்கு ஒரு டெஸ்ட்கூட கிடைக்கவில்லை என்பது தனிச் சோகம்.

காங்கேயம் அம்மிணி:
மாடு விஷயத்தை எங்க ஊருக்கு விடுங்க. கவ் கார்னர் என்பது மிட் விக்கெட், லாங் ஆன் என்று ஃபீல்டர்கள் நிற்கிற இரண்டு இடங்களுக்கு நடுவே, பவுண்டரி ஓரம். முறையாக ஆடப் பழகினவர் அந்தப் பக்கம் தூக்க மாட்டார், மாடு நிம்மதியாக மேயலாம் என்று கிண்டல். கிளுவை வேலி போட்ட கொரங்காடு, அதாவது எங்க பக்கத்து மேய்ச்சல் நிலம் என்று வையுங்களேன். டி20 வந்தபிறகு அங்கே கன்றுக்குட்டியைக்கூடக் கட்ட முடியாது.

சோமனூர் தறிக்காரன்:
வாத்தியாரய்யா, அம்மிணி, ரொம்ப நன்றிங்க. மூன்றையும் ஒப்பித்தேன். உடனே "அப்போ டக் என்றால்?" என்றான். இது எனக்கே தெரியும். சைபர் வாத்து முட்டை மாதிரி இருக்கிறதே, அதுதான். நீ கணக்கில் வாங்கிவந்த அதே முட்டை என்றேன். போனை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.