உறை, கூடு, கவசம்: எதை எங்கே வைப்பது?

எல்லாருக்கும் வணக்கம்.

ஒன்றை மூடி வைக்கிற பாகங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ஷீத், கேசிங், ஹவுசிங், ஜாக்கெட், என்க்ளோஷர் எல்லாவற்றுக்கும் தமிழில் 'கவசம்' என்று ஒரே கலைச்சொல்லைப் போட்டுவிடலாம் என்ற யோசனை கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. தலைக்கவசமும் முகக்கவசமும் மக்கள் வாயில் ஏறிவிட்டன, இதுவும் ஏறும் என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. வடசொல் என்பதற்காக அல்ல. (பதிற்றுப்பத்தில் கவசத்துக்கு 'மெய்ம்மறை' என்று அழகான சொல் இருக்கிறது, ஆனால் இன்று அதைச் சொன்னால் உரைகாரரையும் கூடவே கூட்டிவர வேண்டும்.) கவசம் என்றாலே வெளியிலிருந்து ஒரு தாக்குதல் வரப்போகிறது, அதைத் தாங்க வேண்டும் என்ற எண்ணம் சேர்ந்தே வருகிறது. தெய்வத்திடம் காப்புக் கேட்டுப் பாடும் பாட்டையும் கவசம் என்றுதானே சொல்கிறோம். தூசு படியாமல் இருக்கப் போடுகிற பிளாஸ்டிக் மூடலுக்கு அவ்வளவு கனமான சொல் எதற்கு?

மண்ணில் புதைக்கிற மின்கேபிள் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் செம்போ அலுமினியமோ இருக்கும். அதை ஒட்டி மின்காப்பு. அப்படிக் காப்பிட்ட இழைகளை மொத்தமாகச் சேர்த்துப் பொதிந்த உள்ளுறை, அதன்மேல் துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பிகள் நெருக்கமாகச் சுற்றியிருக்கும், எல்லாவற்றுக்கும் வெளியே பிவிசியில் ஒரு வெளியுறை. அந்த எஃகுச் சுற்றைத்தான் ஆர்மர் என்கிறார்கள், கவசம் என்ற பெயர் அதற்குக் கச்சிதம். ஆனால் அது கடைசி அடுக்கு இல்லை, கவனியுங்கள். ஈரம் ஏறினால் எஃகு துருப்பிடிக்கும், அதனால் கவசத்துக்கே ஓர் உறை போட வேண்டியிருக்கிறது! எல்லா அடுக்கையும் கவசம் என்று வைத்தால் 'கவசத்தின் மேலுள்ள கவசத்தின் வெளிக்கவசம்' என்று கையேடு எழுத வேண்டிவரும்.

உறை என்பதன் குணம், உள்ளே இருக்கும் பொருளின் வடிவத்தைத் தானும் எடுத்துக்கொண்டு ஒட்டி மூடுவது. வாளுறை, கையுறை, காலுறை, தலையணை உறை என்று நாம் அன்றாடம் சொல்வதிலேயே இது தெரிகிறது. அப்புறம் வினையும் தாராளமாக வரும்: உறையிட்ட கம்பி, உறையிடாத கம்பி, உறை கழன்றது, உறையைச் சீவினான். 'கவசமிடாத கம்பி' என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வருகிறது.

ஹவுசிங், என்க்ளோஷர் இரண்டுக்கும் உறை பொருந்தாது. அங்கே உள்ளே இடம் விட்டு, அந்த இடத்துக்குள் பாகங்களை வைக்கிறோம். பட்டுப்புழுவுக்கும் தேனீக்கும் கூடு என்கிறோமே, அதுவே இங்கும் போதும். ஐ.பி. 67 என்று கருவிகளில் போடுகிற குறியீடு இந்தக் கூட்டின் தரத்தைத்தான் சொல்கிறது. 6 என்றால் தூசு புகாது, 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடுதல் செய்யும் அளவுக்கு நீர் இறங்காது.

'ஓடு' என்ற சொல்லை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆமைக்கும் நத்தைக்கும் ஓடு உடம்போடு வளர்ந்தது, நாம் மாட்டியதில்லை.

கிணறு விஷயத்துக்கு வருகிறேன். ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் கேசிங் பைப்பை உறை என்று சொல்லலாமா, அது குழிக்கு உள்ளே அல்லவா இருக்கிறது என்று ஒரு கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான், ஆனால் நம் முன்னோர் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். கீழடியிலும் அரிக்கமேட்டிலும் கிடைத்த உறைகிணறுகளில் சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பக்கத்து மண் சரியாமல் தடுத்திருக்கிறார்கள். அந்த வளையத்துக்கு உறை என்றே பெயர். மண்ணிலிருந்து பார்த்தால் உள்ளே, நீரிலிருந்து பார்த்தால் வெளியே, அவ்வளவுதான். ஒரே எச்சரிக்கை, 'உறைக்குழாய்' என்று வல்லினம் மிகுத்து எழுதுங்கள். 'உறைகுழாய்' என்று விட்டால் உறைபனி மாதிரி வினைத்தொகையாகி, உறைந்துபோகிற குழாய் என்று படிக்க இடம் உண்டு. உறைகிணறு மட்டும் அப்படியே வழக்கில் ஊன்றிவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

உயிரியல்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். விதையுறை, கனியுறை எல்லாம் சரி. வைரஸில் மட்டும் மரபுப்பொருளை மூடிய புரத அடுக்கான கேப்சிடும் உறை, சில வைரஸ்களில் அதற்கும் வெளியே உள்ள கொழுப்பு அடுக்கான என்வலப்பும் உறை என்றால் படிப்பவர் எதைப் பிடிப்பார்? சோப்பு உடைப்பது வெளியே உள்ள அந்தக் கொழுப்பு அடுக்கை. அது இல்லாத நோரோ வைரஸை ஆல்கஹால் கைத்திரவம் அவ்வளவாக அசைப்பதில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லவே இரண்டு பெயர் வேண்டும். கேப்சிடைப் புரதக்கூடு என்றும் மற்றதைக் கொழுப்புறை என்றும் வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

இன்னொன்று பாக்கி இருக்கிறது, சூடு காட்டினால் சுருங்கிக் கம்பியைக் கவ்விக்கொள்ளும் அந்தச் சின்னக் குழல். 'சுருங்குறை' என்று சேர்த்து எழுதினால் 'குறை' என்றுதான் கண்ணில் படுகிறது. 'சுருங்கு உறை' என்று பிரித்தே வைத்துக்கொள்ளலாமா, இல்லை வேறு நல்ல சொல் யாரிடமாவது இருக்கிறதா?