‘ட்ராடவுன் ஸோன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முடிய, வலசை திரும்பும் உள்ளான்களை (சேற்றோரம் இரை தேடும் பறவைகளை) எண்ணப் போகிறவர்களுக்கு ஒரு சொல் உடனே தேவைப்படுகிறது. செம்பரம்பாக்கம், பூண்டி போன்ற நீர்த்தேக்கங்களில் தண்ணீர் உள்வாங்க உள்வாங்க, அதுவரை மூழ்கிக் கிடந்த தரை பட்டையாக வெளியே வருகிறதே, அதற்குத்தான். ஆங்கிலத்தில் ‘ட்ராடவுன் ஸோன்’. காலைக் கணக்கெடுப்பின் உயிரே அந்தப் பட்டைதான். ‘நீர்மட்டத் தாழ்வு மண்டலம்’ என்று எழுதினால் அது விளக்கம், சொல் ஆகாது. ‘வடிகரை’ என்பது என் முன்மொழிவு.

----

> ‘வடிகரை’ என்பது என் முன்மொழிவு.

வணக்கம் ஐயா. ‘வடி’ சரி, ‘கரை’தான் இடிக்கிறது. ஏரிப் பக்கம் கரை என்றாலே மண் கொட்டி எழுப்பியதைத்தான் நினைப்பார்கள். ‘வடிகரையில் 40 உள்ளான்’ என்று படிப்பவர் கல் பதித்த சரிவில் போய்த் தேடுவார். அங்கே மட்டம் எவ்வளவு இறங்கினாலும் சேறு வெளிப்படாது. பறவை இருப்பது எதிர்ப்புறம், நீர் வந்து சேரும் தட்டையான பக்கம். சரிவு நூற்றுக்கு ஒன்று என்றால், மட்டம் 0.1 அடி, அதாவது 3 செ.மீ., இறங்கினாலே 3 மீட்டர் அகலத்துக்குப் புதுத் தரை கிடைக்கும். சென்னைக் குடிநீர் வாரியம் ஏரி மட்டத்தை அன்றாடம் வெளியிடுகிறது. முந்தின வார அளவோடு ஒப்பிட்டுவிட்டுப் போனால் விளிம்பு எவ்வளவு தள்ளிப் போயிருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இன்னொன்று முக்கியம். இந்தப் பட்டை ஒரே சீரானதல்ல. தண்ணீருக்குள் வயிறு நனையும் ஆழத்தில் கருவால் மூக்கன். அதன் அலகு 8 முதல் 12 செ.மீ. வரை. நீர்ப்படலம் மினுங்கும் விளிம்பில் கொசு உள்ளான். அலகு 2 செ.மீ.கூட இல்லை, அதனால் மேல்சேற்றிலேயே கொத்தும். இன்னும் மேலே, பொருக்குத் தட்டத் தொடங்கிய தரையில் பட்டாணி உள்ளான் ஓடும், சட்டென்று நிற்கும், பார்த்துக் கொத்தும். வெயிலில் பாளம் பாளமாக வெடித்த தரைக்கு வந்துவிட்டால் நெட்டைக்காலியும் வானம்பாடியும்தான்.

சேறு இறுகிவிட்டால் அலகு இறங்காது, புழுவும் கிடைக்காது. ஆகவே பறவைகள் விளிம்போடு கூடவே நகர்கின்றன. வாரா வாரம் அதே கருவேல மரத்தடியில் நின்று எண்ணுபவருக்கு எண்ணிக்கை சரிந்ததுபோலத் தோன்றும். பறவை எங்கும் போயிருக்காது, விளிம்பு 20 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். இந்தப் பிழை பட்டியலில் ‘ஏப்ரல் முதல் வாரமே கிளம்பிவிட்டன’ என்று பதிவாகிவிடும். கோடை மழை ஒன்று பலமாகப் பெய்து விளிம்பு மூழ்கினாலும் இதே குழப்பம்தான்.

எனவே நகர்வு சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். வருவாய்ப் பதிவேடுகளில் ‘ஏரி உள்வாய்’ என்ற சொல் இருக்கிறது. நீர் நிற்கும் பரப்பு முழுவதையும் அது குறிக்கும். அதன் அச்சிலேயே ‘வற்றுவாய்’ என்று வைக்கலாம். வினைத்தொகை என்பதால் வற்றிய, வற்றுகிற, வற்றும் என்று மூன்று காலமும் அடங்கும். நேற்றைய தரை, இன்றைய விளிம்பு, நாளை வெளிவரப் போவது எல்லாம் ஒரே சொல்லில்.

----

> ‘வற்றுவாய்’ என்று வைக்கலாம்.

முதலில் கேட்டபோது தாகமெடுத்த வாய் என்றுதான் காதில் விழுந்தது. ‘வற்றுசேறு’ எளிது என்று சொல்ல வந்தேன். ஆனால் மணலும் சரளையும் வெளிப்படும் அணைகளில் அது பொய்யாகிவிடும். உள்வாய் தெரிந்த ஊர்க்காரருக்கு வற்றுவாய் உடனே புரியும் என்பதால் ஏற்கிறேன்.

ஆனால் உட்பிரிவுகளுக்கும் சொல் வேண்டும். மினுங்கும் பகுதிக்கு ‘நனைவிளிம்பு’, அதற்கு மேலே ‘பொருக்கு’, அதற்கும் மேலே ‘வெடிப்பு’. பின்னிரண்டும் உழவர் வாயில் இருப்பவை, புதிதாக ஆக்கவே வேண்டாம். படிவத்தில் நனைவிளிம்பின் தூரத்தை மாறாத ஒரு குறியிலிருந்து, மதகுத் தூணோ மைல்கல்லோ, காலடியால் அளந்து எழுதச் சொல்லலாம். பறவைகளை எழுப்பாமலிருக்க, எண்ணி முடித்த பிறகே இறங்கி அளக்க வேண்டும்.

நேரத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும். கிழக்குக் கரையில் நின்றால் காலை வெயில் முதுகில் விழும், நிறம் தெளியும். ஏப்ரலில் வளைமூக்கு உள்ளானின் வயிறு செங்கல் நிறமாவதும் மீசை ஆலாவின் வயிறு கருப்பதும் அந்த வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். ஆனால் அங்கிருந்து எதிர்ப்புற வற்றுவாய் தொலைவு. எட்டரை மணிக்கு மேல் கானல் ஆடத் தொடங்கினால் தொலைநோக்கியில் கொசு உள்ளானையும் பட்டாணியையும் பிரிக்க முடியாது. அதன் பிறகு எண்ணியதை ‘சிறு உள்ளான், இனம் தெரியவில்லை’ என்றே பதிய வேண்டும்.

மழைக்குப் பின் நீர் மீண்டும் ஏறி மூழ்கும் பட்டையையும் வற்றுவாய் என்றே சொல்வதா? எனக்கு ‘ஏறுவாய்’ தோன்றுகிறது. மற்றவர்கள் சொல்லுங்கள்.